பாட்டி கொடுத்த பதினாறாவது குரோமோசோம்

"கல்யாணத்துக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. இரத்தப் பரிசோதனையில் தலசீமியா கேரியர் என்று வந்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இப்படி ஒரு வியாதி கிடையாது. அம்மா, மாப்பிள்ளை வீட்டில் மூச்சுவிடாதே என்கிறார். மரபணு, பரம்பரை என்று இதை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா? நம்மைப் பற்றியும் நம் குடும்பத்தைப் பற்றியும் அது அப்படி என்ன சொல்லிவிடப் போகிறது?" இதுதான் நீங்கள் கேட்டது. கடைசியில் போகிற போக்கில் இன்னும் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். அப்பாவைப் பெற்ற பாட்டி பிறப்பால் சீனர், கைக்குழந்தையாக இருக்கும்போதே ஒரு தமிழ்க் குடும்பம் எடுத்து வளர்த்தது, அவர் காலமாகி ஏழு வருடம் ஆகிறது. அப்புறம், உங்கள் அத்தை மகள் ஒரு சீனப் பையனைக் கட்டிக்கொண்டு இப்போது முழுகாமல் இருக்கிறாள். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இந்த இரண்டு வரியில்தான் இருக்கிறது.

நான் மருத்துவர் இல்லை. இங்கே சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் இரத்த ஆய்வுக்கூடத்தில் 22 வருடம் வேலை பார்த்தவள். உங்களுடையதைப் போன்ற அறிக்கைகள் எத்தனையோ என் கை வழியாகப் போயிருக்கின்றன. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். தலசீமியா என்பது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாமல் போகிற பரம்பரை இரத்த நோய். கேரியர் என்றால் அதற்கான மரபணு மாற்றத்தைச் சுமப்பவர், நோயாளி என்று அர்த்தம் கிடையாது. ஹீமோகுளோபின் உருவாக ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகைப் புரதச் சங்கிலி வேண்டும். ஆல்ஃபாவுக்கான மரபணு பொதுவாக ஒருவரிடம் நான்கு இருக்கும், அதாவது 16ஆம் குரோமோசோம் ஜோடியில் ஒவ்வொன்றிலும் இரண்டு. பீட்டாவுக்கு 11ஆம் குரோமோசோம் ஜோடியில் ஒவ்வொன்றிலும் ஒன்று, ஆக இரண்டு. உங்கள் அறிக்கைப்படி உங்களுக்கு ஆல்ஃபா நான்கில் இரண்டு கிடையாது. மீதி இரண்டும் வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. சிவப்பணு கொஞ்சம் சின்னதாக, கொஞ்சம் வெளுத்து இருக்கும், அவ்வளவுதான். ஓடலாம், மலை ஏறலாம், பிள்ளை பெறலாம். இதற்கு மருந்து கிடையாது, மருந்து தேவையும் இல்லை.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நல்ல சிவப்பணு ஆப்பம் போலத்தான் இருக்கும், ஓரம் சிவந்து நடு வெளுத்து. தலசீமியா கேரியருடைய ஸ்லைடில் ஆப்பம் சின்னதாகிவிடும், சிவந்த ஓரம் மெலிந்து நடுவிலுள்ள வெள்ளை பெருத்திருக்கும், அங்கங்கே சிலதில் நட்டநடுவே திரும்பவும் ஒரு சிவந்த பொட்டு தெரியும், முட்டை ஆப்பத்தில் மஞ்சள்கரு உட்கார்ந்திருக்கிற மாதிரி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கற்றுக்கொடுத்த மேலாளர் ஒரு மலாய்க்கார அம்மா, அவர் இதை வேறு ஏதோ பலகாரத்தோடு ஒப்பிடுவார், எனக்கு ஆப்பம்தான் மனதில் நின்றது. ஒரு துளி இரத்தத்தில் இந்த முட்டை ஆப்பங்களைப் பார்த்தவுடன் இந்த மனிதரின் அம்மாவிடமோ அப்பாவிடமோ இது இருந்திருக்க வேண்டும் என்று தோன்றும். ஆளை நான் பார்த்ததே இல்லை, ஆனால் அவர் குடும்பத்தில் யாரோ ஒருவர் அந்தக் கண்ணாடித் துண்டில் வந்து நிற்பார்.

இதில் ஒரு குழப்பம் எப்போதும் வரும். இரும்புச்சத்து குறைந்தாலும் சிவப்பணு இதே போலச் சின்னதாக, வெளிறித்தான் இருக்கும். நம் வீடுகளில் ஒரு பெண்பிள்ளை சோர்ந்து உட்கார்ந்தால் உடனே "இவளுக்கு இரத்தம் கம்மி" என்று முடிவு கட்டி முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஆட்டு ஈரல் என்று ஆரம்பித்து மாத்திரையில் கொண்டுபோய் விடுவோம். உங்களுக்கும் பள்ளிக்கூட நாளிலிருந்தே இரும்பு மாத்திரை கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். உடம்பில் இரும்பு போதுமான அளவு இருக்கும்போது மேலே மேலே கொடுப்பதால் தலசீமியா கேரியருக்கு ஒரு பயனும் இல்லை. இரும்பின் அளவைச் சோதித்து, குறைந்திருந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இத்தனை வருடம் நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை என்று வாங்கிய திட்டெல்லாம் தேவையில்லாத திட்டு, அதையும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

இப்போது உங்கள் அறிக்கையில் இருக்கும் அந்த மூன்று எழுத்துக்கு வருகிறேன். எஸ்இஏ. தென்கிழக்காசிய வகை நீக்கம் என்பதன் சுருக்கம். ஒரு 16ஆம் குரோமோசோமில் இருக்கும் இரண்டு ஆல்ஃபா மரபணுவையும் சேர்த்தே அடித்துக்கொண்டு போன ஒரு வெட்டு. தென்சீனாவிலும் தென்கிழக்காசியாவிலும் இது பரவலாக உண்டு. நம் தெற்காசியப் பக்கம் ஆல்ஃபா தலசீமியா இல்லாமல் இல்லை, ஆனால் அங்கே பெரும்பாலும் ஒரு குரோமோசோமில் ஒரே ஒரு மரபணு போயிருக்கிற சின்ன வெட்டாகத்தான் இருக்கும். ஆக, தஞ்சாவூரிலிருந்து வந்த தாத்தாவின் பேத்தி இரத்தத்தில் எஸ்இஏ என்று வந்தால், ஆய்வுக்கூடத்தில் இருக்கும் எவரும் கேட்கும் முதல் கேள்வி, குடும்பத்தில் யாராவது சீனர் உண்டா என்பதுதான். உங்கள் அப்பாவின் இரத்தத்தைச் சோதித்தால் இது உறுதியாகிவிடும். ஆனால் பாட்டியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பெரிய சந்தேகம் எதுவும் மிச்சமில்லை.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும் இந்த ஊரிலும் மலாயாவிலும் வறுமையால், பெண் வேண்டாம் என்ற எண்ணத்தால், பிறந்த வருடம் ராசியில்லை என்ற நம்பிக்கையால், சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைக் கொடுத்துவிட்டதும், தமிழ், மலாய்க் குடும்பங்கள் அவர்களை எடுத்து வளர்த்ததும் நம் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வரலாறு. புடவை கட்டி, குங்குமம் வைத்து, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்து, மீன்குழம்பில் புளி ஒரு சொட்டு கூடினாலும் கண்டுபிடிக்கிற சீன முகத்துப் பாட்டிகளை நானே லிட்டில் இந்தியா தேக்காவில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்களைத் தமிழர் ஆக்கியது வளர்ப்பும் வாழ்க்கையும். அதில் மரபணுவுக்கு ஒரு பங்கும் கிடையாது, அதைக் குறைத்துச் சொல்ல எந்தப் பரிசோதனைக்கும் உரிமை இல்லை. இதை நான் மனதாரச் சொல்கிறேன். மரபணு பேச ஆரம்பித்தாலே "அப்போ பாட்டி நம்ம பாட்டி இல்லையா" என்று சில வீடுகளில் கண் கலங்கிவிடுகிறார்கள். உங்கள் பாட்டி உங்கள் பாட்டிதான். அவரைப் பெற்ற அம்மா யார் என்று உங்களுக்குத் தெரியாது, பெயரில்லை, படமில்லை, ஊர் தெரியாது. ஆனால் அந்தப் பெண் கொடுத்தனுப்பிய ஏதோ ஒன்று நான்காவது தலைமுறையில் உங்கள் அறிக்கையில் மூன்று எழுத்தாக வந்திருக்கக்கூடும். அவரிடமிருந்து இல்லாவிட்டால் பாட்டியின் அப்பாவிடமிருந்து.

இன்னொன்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். இப்போது எச்சிலை அனுப்பி வம்சாவளி பார்க்கிற பரிசோதனைகள் வந்திருக்கின்றன. சில பரிசோதனைகள் தாய்வழியை மட்டும் மைட்டோகாண்ட்ரியாவை (பிள்ளைகளுக்குத் தாயிடமிருந்து மட்டும் வருகிற செல் உறுப்பு) வைத்துப் பார்க்கும், தந்தைவழியை மட்டும் ஒய் குரோமோசோமை வைத்துப் பார்க்கும். மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எம்130 என்கிற மிகப் பழைய ஒய் அடையாளம் கிடைத்தது என்று பேராசிரியர் பிச்சப்பனின் ஆய்வைச் சொல்லி நம்மவர்கள் பெருமையாகப் பேசுவார்கள் இல்லையா, அது இந்தத் தந்தைவழிக் கோட்டைப் பற்றியதுதான். பத்துத் தலைமுறைக்கு முன்னால் போனால் ஒருவருடைய மூதாதையர் இடங்கள் 1024, அதில் ஒய் சொல்வது ஒரே ஒரு ஆணின் கதை. உங்கள் விஷயத்தில் இந்த இரண்டு கோடும் பாட்டியைத் தொடவே தொடாது. மைட்டோகாண்ட்ரியா உங்களுக்கு அம்மாவிடமிருந்து வந்தது, பாட்டியுடையது உங்கள் அப்பாவோடும் சித்தப்பாவோடும் நின்றுவிட்டது, அத்தை வழியில்தான் தொடரும். ஒய் பெண்களிடம் கிடையாது. அந்த இரண்டை மட்டும் பார்த்தால் பாட்டி என்று ஒருவர் இருந்த சுவடே உங்களிடம் தெரியாது. ஆனால் உங்கள் டிஎன்ஏவில் ஏறத்தாழ கால்வாசி அவருடையது. எக்ஸ் குரோமோசோமை எடுத்துக்கொண்டால் இன்னும் நெருக்கம். உங்கள் அப்பாவிடம் இருப்பது ஒரே ஒரு எக்ஸ், அது அவர் அம்மா கொடுத்தது. மகளுக்கு அவர் அதை அப்படியே கைமாற்றித்தான் கொடுக்க முடியும். உங்கள் இரண்டு எக்ஸில் ஒன்று முழுக்க முழுக்கப் பாட்டியிடமிருந்து வந்தது. அப்பாவைப் பெற்ற பாட்டிக்கும் பேத்திக்கும் மட்டும் உள்ள உறவு இது, பேரனுக்குக் கிடைக்காது.

சரி, இந்த வெட்டு மனித இனத்தில் ஏன் இவ்வளவு பரவியது? மலேரியா. மரபியல் அறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன் 1949இல் ஒரு கருத்தைச் சொன்னார் (பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகி 1964இல் புவனேஸ்வரத்தில் காலமானவர்). மலேரியா தாக்கும் ஊர்களில் தலசீமியா கேரியர்கள் மற்றவர்களைவிட அதிகம் பிழைக்கிறார்கள், அதனால்தான் அந்த மரபணு அழியாமல் நிற்கிறது என்று. பின்னால் வந்த ஆய்வுகள் அதை நன்றாகவே உறுதிப்படுத்தின. மலாயா ரப்பர்த் தோட்டங்களில் நம் ஆட்கள் மலேரியாக் காய்ச்சலில் கும்பல் கும்பலாகச் செத்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உங்கள் உடம்பில் இப்போது "குறை" என்று எழுதியிருப்பது, பாட்டியின் முன்னோர் யாரையோ ஒரு காலத்தில் காய்ச்சலிலிருந்து காப்பாற்றிய பொருளாக இருக்கலாம். சிங்கப்பூரில் ஏறக்குறைய 3 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகைத் தலசீமியா கேரியர்கள். நூறு பேர் வந்த கல்யாணப் பந்தியில் மூன்று பேர். அவர்களில் பலருக்குத் தெரியாது.

தெரியாமல் இருப்பதுதான் எனக்குக் கவலை. எந்த நேரத்தில் இது முக்கியமாகிறது என்றால், இரண்டு கேரியர்கள் பிள்ளை பெறும்போது. இரண்டு பேருக்கும் எஸ்இஏ இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தைக்கு ஆல்ஃபா மரபணு ஒன்றுகூட இருக்காது. அந்தக் குழந்தை பெரும்பாலும் வயிற்றிலேயே உடம்பெல்லாம் நீர்கோத்து இறந்துவிடும், தாய்க்கும் இரத்த அழுத்தம் ஏறி ஆபத்தாகலாம். உங்கள் மாப்பிள்ளை தமிழர் என்பதால் அவருக்கு எஸ்இஏ இருக்கும் வாய்ப்பு குறைவு. ஆனால் நான் மேலே சொன்ன அந்தச் சின்ன வெட்டு, ஒரு மரபணு மட்டும் போனது, நம்மவர்களிடம் சாதாரணம். அது அவரிடம் இருந்தால் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்கு ஆல்ஃபா ஒன்றே ஒன்று மிஞ்சும், அதை எச்பிஎச் நோய் என்பார்கள். பலர் அதோடு நன்றாகவே வாழ்கிறார்கள், சிலருக்கு மண்ணீரல் வீங்கும், காய்ச்சல் வந்தால் இரத்தம் சட்டென்று இறங்கும், இரத்தம் ஏற்ற வேண்டிவரும். இதில் கவனிக்க வேண்டியது, ஒரு மரபணு மட்டும் போனவருடைய சாதாரண இரத்த எண்ணிக்கை பார்க்கச் சரியாகவே இருக்கலாம். அதனால் அவர் "நான் தேசிய சேவைக்கு, ராணுவத்துக்குப் போகும்போதே இரத்தம் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். உங்கள் அறிக்கையைக் காட்டி, அவருக்கு டிஎன்ஏ பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

இரண்டு பேரும் பீட்டா கேரியராக இருந்தால் அது வேறு கதை, அது இன்னும் நீளமான துயரம். நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில், குழந்தை நன்றாகப் பிறந்து, ஆறு மாதம், ஒரு வருடத்தில் வெளுத்துப்போகும், மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை வாழ்நாள் முழுக்க இரத்தம் ஏற்ற வேண்டும், ஏற்றிய இரத்தத்தின் இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் தங்காமல் இருக்க வேறு மருந்து. முன்பெல்லாம் அந்த மருந்தை வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி குத்தி இரவெல்லாம் ஒரு சின்னப் பம்பு மூலம் ஏற்றுவார்கள். ஒரு பையன், எட்டு வயது இருக்கும், மாதாமாதம் தன் இரத்தப் பைக்காகக் காத்திருப்பான், குரூப் பார்த்துப் பொருத்தம் பார்த்து நான்தான் அனுப்புவேன். அவன் அம்மா அப்பா இரண்டு பேரும் திருச்சிப் பக்கம், சொந்த மாமன் மகன், அத்தை மகள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு இரத்தப் பரிசோதனை செய்திருந்தால் என்று அந்த அம்மா ஒரு நாள் கவுண்டரில் நின்று சொன்னார், மேற்கொண்டு பேச முடியாமல் போய்விட்டார். இப்படிப்பட்ட குடும்பங்களைத் தேடி எச்சரிக்கத்தான் 1992இல் தேசியத் தலசீமியா பதிவகம் தொடங்கினார்கள், அது கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் இருக்கிறது. ஒருவர் கேரியர் என்று தெரிந்தால் அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரையும் சோதிக்க அழைப்பார்கள். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்ட குடும்பங்களும் உண்டு.

சொந்தத்தில் கட்டுவதைப் பற்றிக் கேட்பீர்கள், அதனால் சுருக்கமாக: மாமன் மகன், அத்தை மகள் டிஎன்ஏவில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொது. எந்தத் தம்பதிக்கும் பிறவிக்குறையோடு குழந்தை பிறக்கிற வாய்ப்பு நூறுக்கு இரண்டு மூன்று உண்டு, முறைப்பையன், முறைப்பெண்ணுக்கு அதற்கு மேல் இன்னொரு இரண்டு மூன்று கூடும். சொந்தத்தில் கட்டிய எல்லோருக்கும் கெடுதல் என்று பயமுறுத்துவது பொய், ஒன்றுமே ஆகாது என்பதும் பொய். "நாங்கள் சொந்தத்தில் கட்டவில்லை, எங்களுக்குக் கவலையில்லை" என்பதும் முழு உண்மை கிடையாது. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களைப் பார்த்தபோது 81 குழுக்களில், ஒரு சில முன்னோரிடமிருந்தே மொத்தக் கூட்டமும் பெருகிய அடையாளம் பின்லாந்துக்காரர்களிடமும் ஐரோப்பிய யூதர்களிடமும் இருப்பதைவிட வலுவாக இருந்தது. நூற்றாண்டு நூற்றாண்டாகச் சாதிக்குள்ளேயே கட்டியதன் விளைவு அது. உறவுமுறை தெரியாத இரண்டு பேர் டிஎன்ஏவில் உறவாக இருக்கலாம்.

என் சொந்த வீட்டுக் கதையையும் சொல்கிறேன், ஏனென்றால் இரத்த ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டே என் குடும்பத்தைப் பல வருடம் நான் படிக்காமல் விட்டேன். பெரியப்பா 43 வயதில் காலையில் குளிக்கப் போனவர் திரும்பி வரவில்லை. கண் பட்டுவிட்டது என்றார்கள், புது வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக்குக் குடிபோன மூன்றாவது மாதம் அது. அப்பாவுக்கு 51இல் பைபாஸ். வேலைப் பளு என்றோம். அண்ணனுக்கு 39 வயதில் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தபோதுதான் ஒரு இளம் மருத்துவர் அப்பாவின் பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அத்தை கல்யாணத்தில் எடுத்த படம், அப்பாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கருவிழியைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம், நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டுமே அது போல. வயதானவர்களுக்கு அது வருவது சகஜம், இளம் வயதில் வந்தால் கொலஸ்ட்ரால் படிந்திருக்கலாம் என்று அர்த்தம். அண்ணனின் குதிகால் தசைநாரைத் தடவிப் பார்த்தார், அங்கே தடித்து முடிச்சு போல இருந்தது. அதே முடிச்சு அப்பாவுக்கும் இருந்தது, ராணுவ பூட்ஸ் போட்டதால் வந்த காய்ப்பு என்று அவரே எங்களிடம் சொல்லியிருந்தார்.

குடும்பவழிக் கொலஸ்ட்ரால் என்பது அது. இரத்தத்திலிருந்து கெட்ட கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்ளும் ஏற்பி சரியாக வேலை செய்யாது. பிரௌனும் கோல்ட்ஸ்டைனும் இதைக் கண்டுபிடித்துத்தான் 1985இல் நோபெல் பரிசு வாங்கினார்கள். உலகில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு உண்டு. எல்டிஎல், அதாவது அந்தக் கெட்ட கொலஸ்ட்ரால், லிட்டருக்கு 4.9 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் மருத்துவர்கள் இதைச் சந்தேகிப்பார்கள், என்னுடையது 6.8. ஒல்லியாகத்தான் இருந்தேன், எண்ணெயைத் தொடுவதில்லை, அதனால் எனக்கு இருக்காது என்று நானே முடிவுகட்டி இருந்தேன். தலசீமியா நோய்க்கு இரண்டு பக்கமும் வேண்டும், இதற்கு அப்படி வேண்டாம், அம்மாவோ அப்பாவோ ஒருவரிடம் இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. என் இரண்டு பிள்ளைகளில் மகளுக்கு உண்டு, மகனுக்கு இல்லை. மகள் 14 வயதிலிருந்து மாத்திரை எடுக்கிறாள், இப்போது அவளுடைய எண் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. பெரியப்பாவின் மரணம் அன்றைக்கே சரியான பெயரில் எழுதப்பட்டிருந்தால் அப்பாவின் பைபாஸைத் தள்ளிப்போட்டிருக்கலாம். 2025இல் சுகாதார அமைச்சு இதற்கென்றே ஒரு தேசிய மரபணுப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. நாற்பது ஐம்பதுகளில் மாரடைப்பு வந்த ஆட்கள் யார் வீட்டில் இருந்தாலும் அந்த வீட்டுப் பிள்ளைகள் கொலஸ்ட்ரால் பார்த்துக்கொள்ளுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

மரபணு என்றாலே தலையெழுத்து என்று எண்ணிக் கையை விட்டுவிடுவதும் நம்மிடம் அதிகம். சர்க்கரை நோய்தான் அதற்கு நல்ல உதாரணம். 2010 தேசியச் சுகாதார ஆய்வில் 18 முதல் 69 வயதுக்குட்பட்ட சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, சீனர்களில் 9.7. "எங்க வம்சமே சர்க்கரை வம்சம், எனக்கு வராமலா போகும்" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது தே தாரிக் (பால் டீ) வாங்குகிற அண்ணன்மார் எத்தனை பேர்! இதில் ஒரு மரபணு கிடையாது, நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மாற்றங்கள் ஆளுக்குக் கொஞ்சம் தள்ளிவிடுகின்றன. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை எல்லையில் நின்ற 531 பேரை மூன்று வருடம் தொடர்ந்து பார்த்தார்கள், 2006இல் முடிவு வந்தது. நடையையும் சாப்பாட்டையும் மாற்றியவர்களுக்கு நோயாக மாறும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. நம் ஆட்கள், நம் உடம்பு, நம் சாப்பாடு. உங்கள் ஆல்ஃபா மரபணு உறுதியாக "இருக்கிறது, இல்லை" என்று சொல்கிற சங்கதி, சர்க்கரை அப்படி இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவதால்தான் ஒரு பக்கம் வீண் பயம், இன்னொரு பக்கம் வீண் அலட்சியம்.

பாட்டி சீனர் என்பது உங்களுக்கு இன்னொரு விதத்திலும் உதவும். கார்பமாசெபின் என்று வலிப்புக்கும் முகநரம்பு வலிக்கும் கொடுக்கிற மருந்து ஒன்று உண்டு. எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை இருப்பவர்களில் சிலருக்கு அதைச் சாப்பிட்டால் தோல் தீப்பட்டது போல உரிந்து உயிருக்கே ஆபத்தாகும். சீனர், மலாய்க்காரரிடம் அந்த வகை அதிகம், நம்மிடம் குறைவு. 2013இலிருந்து இங்கே ஆசிய வம்சாவளியினருக்கு அந்த மருந்தைப் புதிதாகத் தொடங்கும் முன் மரபணு பார்த்துவிட வேண்டும் என்பது வழக்கம். அடையாள அட்டையில் இந்தியர் என்று இருப்பதைப் பார்த்து யாராவது எதையாவது அனுமானித்தால், என் பாட்டி சீனர் என்று நீங்கள் வாய்திறந்து சொல்லுங்கள். அதே போலத்தான் ஜி6பிடி குறைபாடும், அதாவது சிவப்பணுவைக் காக்கிற ஒரு நொதி குறைவாக இருப்பது. 1965இலிருந்து இங்கே பிறக்கிற குழந்தைகளுக்கெல்லாம் தொப்புள்கொடி இரத்தத்தில் அதைப் பார்த்துவிடுகிறார்கள். குறை இருந்தால் பீரோவில் புடவைக்கு நடுவே போட்டு வைக்கிற பாச்சை உருண்டை வாசம்கூட அந்தக் குழந்தைக்கு ஆகாது. உங்கள் பிறப்புப் பதிவுகளை எடுத்துப் பாருங்கள், இருக்கும்.

அம்மா ஏன் மறைக்கச் சொல்கிறார் என்று எனக்குப் புரிகிறது. அவர் கெட்டவர் இல்லை. "பெண்ணிடம் குறை" என்ற ஒரு சொல் நம் சமூகத்தில் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். வரிசையாகப் பெண் குழந்தை பெற்றதற்கு மருமகளை ஏசிய காலத்தை அவர் பார்த்திருப்பார், ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது அப்பா கொடுக்கிற எக்ஸா ஒய்யா என்பது தெரிந்த பிறகும் அந்த ஏச்சு இன்னும் முழுசாக நிற்கவில்லை. அதனால் அவரோடு சண்டை போடாதீர்கள். ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொல்வது தவறு. இது உங்கள் அப்பா வழியாக வந்திருக்கும் என்பதை முதலில் அவருக்கு விளக்குங்கள். மாப்பிள்ளையிடம் நீங்களே நேராகப் பேசுங்கள், பெரியவர்கள் வழியாகப் போனால் வழியிலேயே கை கால் முளைத்துவிடும். எனக்கு இது இருக்கிறது, எனக்கு ஒன்றும் ஆகாது, உனக்கு இருக்கிறதா என்று தெரிந்தால் போதும், வா சேர்ந்து பலதுறை மருந்தகம் போகலாம் என்று சொல்லுங்கள். அவருக்கும் இருந்தால்கூடக் கல்யாணம் நின்றுபோக வேண்டியதில்லை. கர்ப்பமான 11 வாரத்திலிருந்து நஞ்சுக்கொடித் திசுவைச் சோதித்துப் பார்க்க முடியும், ஐவிஎஃப் முறையில் கருவைச் சோதித்துப் பொருத்துகிற வழியும் இங்கே உண்டு. இதெல்லாம் மனதைப் பிழிகிற முடிவுகள், மரபணு ஆலோசகரோடு உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டியவை. பேசுவதற்கு எட்டு மாதம் இருக்கிறது, அதுவே பெரிய விஷயம்.

காப்புறுதி கிடைக்காமல் போகுமோ என்றும் கேட்டிருந்தீர்கள். 2021 அக்டோபர் 27 முதல் சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் சேர்ந்து ஒரு தடையைக் கொண்டுவந்திருக்கின்றன. காப்புறுதி நிறுவனம் உங்களை மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்லக் கூடாது, எதிர்கால நோயைக் கணிக்கும் பரிசோதனை முடிவுகளை மிகப் பெரிய தொகைக்கான பாலிசிகளில், குறிப்பிட்ட ஒன்றிரண்டு நோய்களுக்கு மட்டுமே கேட்க முடியும். தலசீமியா கேரியர் அந்தப் பட்டியலில் இல்லை.

இப்போது அவசரமான ஒன்று. பாட்டியிடம் அந்த எஸ்இஏ இருந்திருந்தால் அவருடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அத்தைக்கு இரண்டில் ஒன்று என்றால் அத்தை மகளுக்கு நான்கில் ஒன்று. அவள் கணவர் சீனர், எஸ்இஏ அதிகம் காணப்படுகிற சமூகம். இங்கே கர்ப்பிணிகளுக்கு ஆரம்பத்திலேயே இரத்தம் பார்ப்பார்கள், அவளுக்கும் பார்த்திருப்பார்கள், ஆனால் சிவப்பணு சின்னதாக இருப்பதைப் பார்த்து இரும்புக் குறைவு என்று யாரும் விட்டுவிடாமல் இருக்க வேண்டும், கணவருடைய இரத்தத்தையும் பார்க்க வேண்டும். அவளுடைய மருத்துவரிடம் காட்ட உங்கள் அறிக்கையின் ஒரு நகல் போதும். எத்தனையாவது வாரம் என்று நீங்கள் எழுதவில்லை. வளைகாப்பில் பார்க்கும்போது பேசிக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள், அதற்குள் ஏழாம் மாதம் ஆகிவிடும். இன்று இரவே அவளைக் கூப்பிட்டுப் பேசுங்கள், உங்கள் அறிக்கையைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பிவிடுங்கள்.